‘திட்டமிடப்பட்டு வருகிறது’ என்ற பதிலோடு மனு முடிந்துவிடுமா?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 41. மனச்சிதைவு நோய்க்குப் பல ஆண்டுகளாக மருந்து சாப்பிட்டு வருகிறார். எங்கள் தாலுகா அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார். ரிஸ்பெரிடோன் மாத்திரை சில மாதங்களாக இருப்பில் இல்லை என்று சொல்லி வெளியில் வாங்கச் சொல்கிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மாத்திரை நின்று நோய் முற்றியதால் தனியார் மருத்துவமனையில் சேர்த்துக் கடனாளி ஆனோம். குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்த மனுவுக்கு, ‘வயது வந்தோருக்கான மனநலச் சேவைகளை மேம்படுத்த அரசு திட்டமிட்டு வருகிறது’ என்று பதில் வந்துள்ளது. திட்டம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா? தனியார் மருத்துவமனைச் செலவைக் கேட்டுப் பெற முடியுமா?

பதில்: வரப்போகும் திட்டத்தைக் காட்டி நீங்கள் எதையும் உரிமையாகக் கோர முடியாது. அரசாணை வெளியாகி நிதி ஒதுக்கப்படும்வரை அது அரசின் எண்ணம் மட்டுமே. கொள்கை முடிவுகளில் நீதிமன்றங்களும் பொதுவாகத் தலையிடுவதில்லை. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது புதிய திட்டத்தின் பயனை அன்று. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தங்கள் அண்ணனுக்கு ஏற்கெனவே அளித்துள்ள உரிமையையே கேட்டிருக்கிறீர்கள். எனவே ஆட்சியர் அலுவலகத்தின் கடிதம் உங்கள் மனுவுக்குப் பதிலே ஆகாது.

அச்சட்டத்தின் 18ஆம் பிரிவுதான் உங்களுக்கு அடிப்படை. அதன் 10ஆம் உட்பிரிவின்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் அனைத்தும், சமுதாய சுகாதார நிலையம் முதல் அதற்கு மேற்பட்ட எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எல்லா நேரங்களிலும், கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். தாலுகா மருத்துவமனை அந்த வரம்புக்குள் வருகிறது. ரிஸ்பெரிடோன் தேசியப் பட்டியலில் உள்ள மருந்து. ‘எல்லா நேரங்களிலும்’ என்று சட்டமே சொல்லியிருப்பதால், மாதக்கணக்கில் இருப்பு இல்லை என்பது வெறும் நிர்வாகச் சிக்கல் அன்று, சட்ட மீறல். இதுவே உங்கள் வழக்கின் வலுவான பகுதி என்பதால் ஆதாரத்தையும் இங்கேதான் சேர்க்க வேண்டும். அடுத்த முறை செல்லும்போது, மருத்துவர் எழுதிய ஓ.பி. சீட்டிலேயே ‘இருப்பு இல்லை’ என்று மருந்தாளுநரைத் தேதியிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், அன்றைய தினமே நிலைய மருத்துவ அலுவலருக்கு நடந்ததைக் குறிப்பிட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

தொலைவைப் பொறுத்தவரை, சிகிச்சைக்காக நோயாளி நெடுந்தூரம் பயணம் செய்ய நேரக் கூடாது என்றும், வசிப்பிடத்துக்கு அருகிலேயே சேவை கிடைக்க வேண்டும் என்றும் 5ஆம் உட்பிரிவு கூறுகிறது. எத்தனை கிலோமீட்டர் என்று அது வரையறுக்கவில்லை. ஆகவே பேருந்து மாறிச் செல்லும் சிரமத்தையும், அண்ணனோடு செல்பவர் இழக்கும் ஒருநாள் கூலியையும் மனுவில் விளக்கமாக எழுதுவது நல்லது.

தனியார் மருத்துவமனைச் செலவு குறித்து நம்பிக்கையூட்ட என்னால் இயலவில்லை. குறைந்தபட்ச மனநலச் சேவைகள் மாவட்டத்தில் இல்லாத நிலையில், அதே மாவட்டத்தில் உள்ள வேறு மருத்துவமனையில் பெறும் சிகிச்சையின் செலவை அரசு ஏற்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் மாவட்டத்தின் தலைமை மருத்துவமனையில் அச்சேவை இருக்கிறது என்று அரசுத் தரப்பு வாதிட்டால், முழுச் செலவையும் பெறுவது கடினம். இருப்பினும், இலவசமாகத் தர வேண்டிய மாத்திரையை வெளியில் வாங்கிய தொகையைத் தனிக் கோரிக்கையாகப் பிரித்துக் கேளுங்கள். இரண்டையும் கலந்தால் வலுவற்றது வலுவானதையும் சேர்த்து இழுத்துவிடும்.

புகாரை எங்கே கொடுப்பது? மனநல நிறுவனத்தின் சேவைக் குறைபாடு பற்றி அதன் பொறுப்பு மருத்துவரிடமும், பின்னர் மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அதன்பின் மாநில மனநல ஆணையத்திடமும் முறையிட 28ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் தாலுகா பொது மருத்துவமனை ‘மனநல நிறுவனம்’ என்ற வரையறைக்குள் வராது என்று எதிர்த்தரப்பு வாதிட இடமிருக்கிறது. அதைத் தவிர்க்க, இச்சட்டம் தந்த உரிமை மீறப்பட்ட எவரும் வாரியத்தை அணுகலாம் என்னும் 77ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்யுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் தலைமை வகிக்கும் அவ்வாரியம், 90 நாள்களுக்குள் முடிவு காண முயல வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. முடிவு பாதகமாக இருந்தால் 30 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நேரடியாக உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் ரிட் மனு தாக்கல் செய்யவும் தடையில்லை. எனினும் வாரியத்துக்குப் போனீர்களா என்பதே அங்கு முதல் கேள்வியாக இருக்கும்.

மனு தங்கள் அண்ணன் பெயரில் இருக்க வேண்டும்; அல்லது அவர் தங்களைத் தம் நியமனப் பிரதிநிதியாக, அதாவது தமக்காகச் செயல்படுபவராக, அறிவித்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பை வெள்ளைத்தாளில் எழுதி அவர் கையெழுத்தோ கைரேகையோ இட்டால் போதும்; முத்திரைத்தாள் தேவையில்லை. நோயாளிக்கு எதுவும் புரியாது என்று குடும்பத்தினரே முடிவு செய்துகொண்டு அவரை ஒதுக்கிவைப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். சட்டம் அந்த அனுமானத்தை ஏற்பதில்லை. தெளிவாக இருக்கும் நாளில் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

வந்த பதிலையும் சும்மா விட வேண்டாம். திட்டமிடல் இன்று தொடங்கியது அன்று; தேசிய மனநலத் திட்டம் 1982இலும், மாவட்ட மனநலத் திட்டம் 1996இலும் தொடங்கியவை. மனநல வல்லுநர்களின் எண்ணிக்கையைப் பன்னாட்டு அளவுக்கு உயர்த்த 31ஆம் பிரிவு அரசுக்குத் தந்துள்ள பத்தாண்டுக் கெடு 2028இல் முடிகிறது. திட்டமிடுவது அரசின் கடமை என்பதால், திட்டம் எந்தக் கோப்பில், எந்த நிலையில் உள்ளது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் செலுத்திக் கேளுங்கள். ஓராண்டுக்கான ரிஸ்பெரிடோன் இருப்புப் பதிவேட்டின் நகல், மாநில அத்தியாவசிய மருந்துப் பட்டியல், அனுமதிக்கப்பட்ட மற்றும் காலியாக உள்ள மனநல மருத்துவர் பணியிடங்கள் ஆகியவற்றையும் அதே மனுவில் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். இருப்புப் பதிவேடு கைக்கு வந்தால் வாரியத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லையெனில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இவையெல்லாம் முடியும்வரை மாத்திரை ஒருநாளும் நிற்கக் கூடாது. வெளியில் வாங்கும் ஒவ்வொரு முறையும் அண்ணன் பெயரில் ரசீது பெற்று, மருத்துவரின் சீட்டோடு தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். மருந்துத் தொகையைக் கேட்கும்போது வாரியம் முதலில் பார்க்கப்போவது அவற்றைத்தான்.