ஏஐ விடைகளைத் திருத்தும் பகுதிநேர வேலை: வக்கீல் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: நான் சிவில் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். ஏஐ தரும் சட்ட விடைகளைப் படித்து மதிப்பெண் போட்டு, தவறுகளைச் சுட்டிக்காட்டும் பகுதிநேர வேலைக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் கூப்பிட்டிருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம், மணிக்கணக்கில் பணம். ஆனால் இதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்கிறது ஒப்பந்தம். வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலிடம் சொல்ல வேண்டுமா? என் பழைய கேஸ்களைப் பெயர் மாற்றிக் கேள்விகளாக எழுதலாமா? நேரமில்லாத நாளில் ஜூனியரை என் கணக்கில் உட்கார வைக்கலாமா?

பதில்: இந்த வேலை மோசடி ஒன்றும் இல்லை, உண்மையிலேயே தேவை இருக்கிறது. 2023-இல் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மனுவில் காட்டிய வக்கீல்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விழுந்தது. இல்லாத தீர்ப்பை இருப்பதாகச் சொல்லும் அந்தப் பழக்கத்தைக் கண்டுபிடிக்கத் தீர்ப்பு படிக்கத் தெரிந்தவர் வேண்டும், அதற்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

அனுமதி விஷயம் நீங்கள் எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49-ஆவது விதி, தொழில் நடத்தும் வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலைக்குப் போகக் கூடாது என்கிறது. 52-ஆவது விதி, மாநில பார் கவுன்சிலின் சம்மதம் வாங்கிக்கொண்டு, தொழிலுக்கு முரணாகாத பகுதிநேர வேலையை ஏற்க இடம் தருகிறது. சட்டப் புத்தகத்தைச் செம்மைப்படுத்துவது, வினாத்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது எல்லாம் வழக்கறிஞர் செய்யலாம் என்று 51-ஆவது விதியில் ஏற்கெனவே இருப்பதால் இதுவும் அந்த வகைதான் என்று வாதாடலாம். நான் கொஞ்சம் பழைய பாணி ஆள், பின்னால் வாதாடுவதைவிட முன்னால் ஒரு கடிதம் எழுதிச் சம்மதம் வாங்கிவிடுவதே மேல் என்பேன். வேறு நாட்டில் பதிவு என்றால் அங்குள்ள விதியைப் பாருங்கள். எந்த நாடானாலும், ஒரு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே இதையும் செய்பவர் அந்த வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

சரி, யாரிடமும் சொல்லாதே என்று ஒப்பந்தம், சொல்லிச் சம்மதம் வாங்கு என்று விதி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கையெழுத்துக்கு முன்பே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: 'என் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு, நீதிமன்றம், வரித்துறை, என் சொந்த வழக்கறிஞர் ஆகியோரிடம் தேவையான அளவுக்குச் சொல்வது ரகசிய மீறல் ஆகாது.' பெரும்பாலான ஒப்பந்தங்களில் 'சட்டம் கட்டாயப்படுத்தும்போது' என்ற விதிவிலக்கு ஏற்கெனவே இருக்கும், ஆனால் நீங்களாகப் போய்ச் சம்மதம் கேட்பது கட்டாயத்தில் வருமா என்று பிறகு தகராறு வரக்கூடாது. இந்த வரியைக்கூட மறுக்கிற நிறுவனமாக இருந்தால், எனக்கு அந்த வேலை வேண்டாம்.

உங்கள் கேள்விகளில் எனக்கு உண்மையாகவே பயம் தருவது பழைய கேஸ் சமாச்சாரம்தான். இந்த வேலையில் விடை திருத்துவது பாதி, கடினமான கேள்வியை நீங்களே எழுதி, சரியான விடையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று மதிப்பெண் பட்டியல் போடுவது மீதி. புதிதாகக் கேள்வி யோசித்து யோசித்து அலுத்துப்போன இரவில் கை தானாகப் பழைய கேஸ் கட்டுக்குத்தான் போகும். பெயரை மாற்றினால் போதும் என்று தோன்றும். போதாது. மூன்று அண்ணன் தம்பிகள், தந்தையின் இரண்டாம் மனைவி, அவர் தத்தெடுத்த பெண், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து எழுதிய செட்டில்மென்ட் பத்திரம், அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட நர்ஸ் என்று எழுதினால் பெயரே தேவையில்லை, எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். கற்பனை உதாரணமாகப் பேசலாம், ஆனால் கட்சிக்காரர் யார், என்ன நிலைமை என்று கேட்பவர் ஊகிக்க நியாயமான வாய்ப்பே இருக்கக் கூடாது என்று அமெரிக்க பார் அசோசியேஷனின் மாதிரி விதி 1.6-இன் விளக்கக் குறிப்பு சொல்கிறது. எந்த நாட்டு வக்கீலுக்கும் இது நல்ல அளவுகோல். இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டம், 132-ஆவது பிரிவில், கட்சிக்காரர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் அவர் சொன்னதை வெளியிடத் தடை போடுகிறது, வழக்கு முடிந்த பிறகும் அந்தத் தடை தொடரும். அதனால் சட்டப் பிரச்சினையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சம்பவத்தை அப்படியே விட்டுவிடுங்கள். நீங்கள் நடத்தாத வழக்குகளின் வெளியான தீர்ப்புகளில் வந்துவிட்ட உண்மைகள் வேறு விஷயம், அவற்றை வைத்து எழுதலாம்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. மணிக்கணக்கு வேலையில் நேரத்தைக் கணக்கிட ஒரு மென்பொருள் போடச் சொல்வார்கள், அதில் சில வகைகள் இடையிடையே உங்கள் திரையைப் படம் பிடித்து அனுப்பும். பக்கத்து ஜன்னலில் கட்சிக்காரரின் வாட்ஸ்அப்போ பிராது வரைவோ திறந்திருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். தனி லேப்டாப் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் குறைந்தபட்சம் கேஸ் ஃபைல் எதுவும் இல்லாத தனி லாகின்.

ஜூனியர் விஷயத்தில் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், கூடாது. உங்கள் தகுதியைச் சரிபார்த்துத்தான் கணக்கு கொடுக்கிறார்கள். வேறொருவர் செய்த மணிநேரத்துக்கு நீங்கள் பணம் வாங்கினால் ஒப்பந்த மீறலோடு நிற்காது, ஏமாற்றியதாகப் புகார் எழுதவும் இடம் கொடுக்கிறீர்கள். விடைக்கான விமர்சனத்தை இன்னொரு ஏஐயிடம் எழுதி வாங்கி ஒட்டுவதும் அதே ரகம். ஜூனியருக்கு ஆசை இருந்தால் அவர் பெயரில் விண்ணப்பிக்கட்டும், அவரும் சம்மதம் வாங்கித்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் ஒப்பந்தத்தின் பின்பக்கங்கள். நீங்கள் எழுதுவதெல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று இருக்கும், அது பரவாயில்லை. 'என் மதிப்பீட்டில் சட்டப் பிழை இல்லை என்று உறுதி கூறுகிறேன், அதனால் வரும் நஷ்டம் முழுவதையும் ஈடுசெய்வேன்' என்ற மாதிரி வரி இருந்தால் மட்டும் விடாதீர்கள். அந்த ஏஐயை யார் எங்கே என்னவாகப் பயன்படுத்துவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ஈட்டுப் பொறுப்பு உங்களுக்குக் கொடுத்த கூலிக்கு மேல் போகாது என்று வரம்பு கேளுங்கள். தொழில் பொறுப்புக் காப்பீடு வைத்திருந்தாலும் இந்த வேலை அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணம் தருவது யார் என்பதையும் பாருங்கள். பல சமயம் ஒப்பந்தம் போடுவது இடைத்தரகு நிறுவனம், பின்னால் இருக்கும் ஏஐ நிறுவனத்தின் பெயரையே சொல்லமாட்டார்கள். பெயர் தெரியாமல், இந்த வேலை உங்கள் கட்சிக்காரரின் நலனோடு முரண்படுகிறதா என்று பார்ப்பது எப்படி? உங்கள் கட்சிக்காரர் வழக்குப் போட்டிருக்கும் நிறுவனமாகவே அது இருந்துவிடலாம், பெயரைக் கேளுங்கள். தகராறு வந்தால் வெளிநாட்டில் மத்தியஸ்தம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், சில வாரக் கூலிக்காக அங்கே போய் யாரும் நிற்கப் போவதில்லை, ஆகவே பாக்கியைச் சேரவிடாமல் வாராவாரம் எடுத்துக்கொள்ளுங்கள். சேர்வதற்கு முன்பே 'பதிவுக் கட்டணம்' கேட்டால் மேற்கொண்டு பேச வேண்டாம்.