ஊட்டி ரேடியோ தொலைநோக்கியில் இருப்பது வெறும் கம்பிகள்தானே, அவை எப்படி அலையைப் பிரதிபலிக்கும்?

எது கண்ணாடிபோல் பிரதிபலிக்கும் என்பதை அலைநீளம்தான் தீர்மானிக்கிறது. ஓட்டைகள் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை என்றால் அலை அவற்றைக் கண்டுகொள்ளாது. ஊட்டியில் பிடிப்பது 326.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது சுமார் 92 செ.மீ. அலைநீளம். அங்குள்ள 1,100 எஃகுக் கம்பிகளின் இடைவெளியோ ஏறக்குறைய 3 செ.மீ.தான். ஒரு நிபந்தனை: அலையின் மின்புலம் கம்பியின் திசையில் அதிர வேண்டும். குறுக்கே அதிர்வது பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். போலராய்டு கூலிங் கிளாஸும் இதே வித்தைதான்.

அப்புறம் கூர்மை. அதுவும் ஒளியியல் கணக்குதான்: அலைநீளத்தை அகலத்தால் வகுக்க வேண்டும்; விடை சிறிதானால் கூர்மை அதிகம். அதாவது, குறுக்கே எத்தனை அதிக அலைநீளங்கள் அடங்குகின்றனவோ அவ்வளவு கூர்மை. தொலைநோக்கியின் 530 மீட்டர் நீளத்தில் சுமார் 576 அலைநீளங்கள் அடங்கும். 3 மி.மீ. கண்பாவையில் பச்சை ஒளியின் அலைநீளங்கள் 5,000க்கும் மேல்! சொன்னால் நம்ப மாட்டீர்கள், மலைச்சரிவை அடைத்து நிற்கும் அதைவிட நம் வெறுங்கண் கூர்மையானது.