அம்மாவுக்கு முழங்கால் வலி. அங்கோர் வாட் பார்க்க முடியுமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் இருக்கிறோம். மே மாத விடுமுறையில் அப்பா (71), அம்மா (66), கணவர், 10 வயது மகளோடு கம்போடியா போகத் திட்டம். அங்கோர் வாட் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. ஆனால் அவருக்கு முழங்கால் தேய்மானம். “அங்கே எல்லாமே செங்குத்துப் படி. அம்மா கீழேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரு நாளைக் குறைத்துவிட்டு மிதக்கும் கிராமமும் அனாதை இல்லமும் காட்டுகிறோம்” என்கிறார் டிராவல் ஏஜென்ட். இரண்டு நாள் அங்கோர் கட்டணம் என்று ஐந்து பேருக்கு 370 டாலர் போட்டிருக்கிறார். அம்மாவை அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். ஏஜென்ட் சொல்லும் செங்குத்துப் படி உண்மைதான். ஆனால் அது அங்கோர் வாட்டின் உச்சித் தளமான பாக்கானுக்குப் போகும் படி. மரப்படி, கைப்பிடி எல்லாம் போட்டிருந்தாலும் நல்ல முழங்கால் உள்ளவர்களே பக்கவாட்டில்தான் இறங்குவார்கள். அங்கே அம்மா போக வேண்டாம். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அங்கே விடமாட்டார்கள் என்பதால் உங்கள் மகளும் போக முடியாது. பாட்டியும் பேத்தியும் கீழே இருக்க, மற்றவர்கள் முறை வைத்து ஏறிவிட்டு வரலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். மேலே துப்பட்டா போர்த்திக்கொண்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கீழே இருப்பதால் அம்மாவுக்கு நஷ்டம் என்று நினைக்காதீர்கள். அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். அகழியைத் தாண்டியதும் வரும் மேற்கு வாசல் கோபுரத்திலேயே எட்டுக் கைகளோடு ஆளுயரத்துக்கு மேல் ஒரு விஷ்ணு நிற்கிறார். இன்றும் ஊதுபத்தி, பூ, பட்டுத் துணி என்று வழிபாடு நடக்கிறது. அங்கிருந்து கல் பாவிய நீண்ட நடைபாதை. கல் ஏற்ற இறக்கமாக இருக்கும், வெயில் நேராக அடிக்கும். கைத்தடியும் குடையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே கடந்துவிடுங்கள். அதன் முடிவில் சில படி ஏறினால் மேற்குச் சுற்று மண்டபம். வலது கைப் பக்கம் முழுக்க குருக்ஷேத்திரம், இடது பக்கம் இலங்கைப் போர். அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரை அம்மா தானே கண்டுபிடித்துவிடுவார்; கைடு தேவையில்லை. நிழலில் மெதுவாக நடக்கலாம், நடுநடுவே உட்காரலாம்.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு நான் முதலில் எழுதித் தருவது அங்கோர் வாட் அல்ல, பந்தேய் ஸ்ரீ. ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, நீங்கள் தங்கப்போகும் சியெம் ரீப் நகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், பெட்ரோல் செலவு. 967-ல் குடமுழுக்கான சிவன் கோயில். சிறியது, ஏறவேண்டிய படி அதிகம் இல்லை. வாசலுக்கு வாசல் உயரமான கல் நிலைப்படி உண்டு, அங்கே மட்டும் கை கொடுங்கள். இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரத்தில் செதுக்கியதுபோல வேலைப்பாடு. கிழக்கு வாசல் கோபுர முகப்பை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் வற்றிய மார்பும் எலும்பு தெரியும் உடம்புமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்றுதான் அறிஞர்கள் சொல்கிறார்கள். கும்பகோணத்துக்காரர்களுக்கு இதைக் காட்டாமல் கூட்டிவந்துவிட்டால் அது பெரிய பாவம். எத்தனையோ குழுக்கள் இதைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்து தா புரோம். மரவேர்கள் கட்டடத்தைப் பிடித்திருக்கும் கோயில். கம்போடிய மன்னர் ஏழாம் ஜெயவர்மன் தன் தாய்க்காக 1186-ல் எழுப்பியது. நம் இந்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து அங்கே சீரமைப்பு வேலை செய்திருக்கிறது. பல இடங்களில் மரப்பலகை நடைபாதை போட்டிருப்பதால் முழங்காலுக்குச் சிரமமில்லை. பாயோன் கோயில் கோபுரங்களில் செதுக்கிய பெரிய கல் முகங்களைக் கீழிருந்தே பார்க்கலாம், போதும்.

இனி அந்த 370 டாலர். ஒரு நாள் பாஸ் 37, மூன்று நாள் பாஸ் 62, ஏழு நாள் பாஸ் 72. உங்கள் ஏஜென்ட் ஐந்து பேருக்கும் ஒரு நாள் பாஸை இரண்டு தடவை போட்டிருக்கிறார். இரண்டு ஒரு நாள் பாஸ் 74 டாலர்; மூன்று நாள் பாஸே 62-தான்! போதாக்குறைக்கு, 12 வயதுக்குக் கீழ் இலவசம். பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். நான்கு பேருக்கு 248 டாலர். மீதி 122 டாலர் யாருக்கு என்று அவரிடமே கேளுங்கள். மூன்று நாள் பாஸை அடுத்தடுத்த நாளில் பயன்படுத்த வேண்டியதும் இல்லை. 10 நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். முழங்கால் வலிக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை: ஒரு நாள் போய்விட்டு ஒரு நாள் ஓய்வு.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் பலர் குழம்புகிறார்கள். மாலை 5 மணிக்கு மேல் வாங்கும் பாஸ் மறுநாள் தேதிக்குத்தான் கணக்கு, ஆனால் அன்று மாலையே உள்ளே போகலாம். அதாவது அந்த மாலை இனாம். 4 மணிக்கு வாங்கினால் அன்றைய நாள் ஒன்று போய்விடும். 5.30-க்கு கவுன்டரை மூடிவிடுவார்கள், அதனால் 5 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். கவுன்டர் கோயில் வாசலில் இல்லை, நகரிலிருந்து வரும் வழியில் தனியாக இருக்கிறது. பாஸில் அவரவர் படம் இருக்கும், கைமாற்ற முடியாது. சூரிய அஸ்தமனம் பார்க்க எல்லோரும் ஓடும் புனோம் பாக்கெங் ஒரு குன்று, அம்மாவுக்கு ஆகாது. அகழிக் கரையில் உட்கார்ந்து வெளிச்சம் மாறுவதைப் பாருங்கள்.

அனாதை இல்லத்தைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகளையே சுற்றுலாப் பயணிகளின் காசுக்காக இல்லங்களில் சேர்ப்பது அங்கே பெரிய பிரச்சினை. குழந்தைகளைக் காட்சிப்பொருளாக்கும் அந்த வியாபாரத்துக்கு நம் பணம் போகக் கூடாது. மிதக்கும் கிராமத்திலும் படகை ஒரு கடையில் நிறுத்தி, பள்ளிப் பிள்ளைகளுக்கு அரிசி மூட்டை வாங்கச் சொல்வார்கள். விலை பல மடங்கு, மூட்டை திரும்பக் கடைக்கே போகும். நகரில் கைக்குழந்தையோடு பால் பவுடர் டின் கேட்பதும் இதே கதைதான். கல் நெஞ்சாகத் தோன்றினாலும் மறுத்துவிடுங்கள்.

விசாவுக்கும் ஏஜென்ட் தனிக் காசு கேட்பார். இந்தியர்களுக்கு விமான நிலையத்திலேயே விசா கிடைக்கும். முன்கூட்டியும் ஆன்லைனில் எடுக்கலாம். வருகைப் படிவத்தை இப்போது ஆன்லைனில்தான் நிரப்ப வேண்டும், போய்ச் சேர்வதற்கு முந்தைய 7 நாளுக்குள். அது முற்றிலும் இலவசம். ஆனால் இணையத்தில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கின்றன, இலவசப் படிவத்துக்குக் காசு பிடுங்குகின்றன. இதைத் தடுக்க எந்த அரசுக்கும் நேரமில்லை. வயதானவர்கள் ஏமாறுவது யாருக்கும் உறைக்கவில்லை. முகவரி ‘கவ் டாட் கேஎச்’ (gov.kh) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

2023 அக்டோபர் முதல் விமான நிலையம் நகரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விட்டது. “ஏர்போர்ட் பிக்கப்” உண்டா, இல்லையா என்று எழுத்தில் வாங்குங்கள். டாலர் நோட்டில் சிறு கிழிசல் இருந்தாலும் கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள், பேங்கில் எடுக்கும்போதே ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மே மாத வெயிலும் புழுக்கமும் கடுமை. முடிந்தால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் மாற்றுங்கள். முடியாதென்றால் காலை 11 மணிக்குள் அறைக்குத் திரும்பி, 3 மணிக்கு மேல் கிளம்புங்கள். பந்தேய் ஸ்ரீ காலை 7.30-க்குத் திறக்கிறது, முதல் வண்டியாகப் போய் நில்லுங்கள்.