காரைக்குடி பக்கம் ஒரு கிராமத்தில் சில கிறிஸ்தவக் குடும்பங்கள்தான். ஆலயமும் இல்லை, அரசியல் செல்வாக்கும் இல்லை. இதைச் சபை என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். கிறிஸ்தவத்தின் முதல் 300 ஆண்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் போயின. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியின் வீட்டில் கூடிய சபைக்கு அப்போஸ்தலர் பவுல் வாழ்த்துச் சொல்கிறார் (பைபிள், ரோமர் 16:5). சிரியாவின் தூரா யூரோப்பஸில் அகழ்ந்தெடுத்த கிறிஸ்தவக் கூடுமிடம் சுமார் கி.பி. 240-ஐச் சேர்ந்தது. நம்ம செட்டிநாட்டு வீடுகளைப் போல நடுவில் முற்றம் உள்ள சாதாரண வீடு. இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரை இடித்துக் கூடமாக்கியிருக்கிறார்கள்.

கி.பி. 313-இல் ரோமப் பேரரசில் கிறிஸ்தவத்துக்குச் சட்ட அனுமதி கிடைத்தது, 380-இல் அரசு மதமானது. அதற்கப்புறம் கட்டிடங்கள் பெருத்தன. அன்பும் அதே அளவுக்குப் பெருத்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

கிறிஸ்தவத்தை விட்டு விலகிய பேரரசர் ஜூலியன் (ஆட்சி 361–363) ஒரு கடிதத்தில் புலம்புகிறார்: இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்களே என்று. எதிரியின் வாயிலிருந்து வந்த சான்று இது! இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையிலும், அடிபட்டுக் கிடந்தவனை விட்டு ஆசாரியனும் லேவியனும் (யூத ஆலய ஊழியர்கள்) விலகிப் போக, யூதர்கள் ஒதுக்கிய சமாரியன்தான் காயம் கட்டினான்; சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியமும் (ரோம வெள்ளிக்காசு) கொடுத்தான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வாரம் ஒரு வீட்டில் கூடுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியே கிடக்கும் ஆச்சிகள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். காணிக்கையில் ஒரு பங்கை அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆட்டோவுக்கு ஒதுக்குங்கள். ஜெபத்துக்கு வரச்சொல்லி மட்டும் வற்புறுத்தாதீர்கள்.