பழைய அலுவலக மென்பொருளைப் பயனருக்கு ஏற்ப மாற்றியமைப்பது என்றால் என்ன?

பல வருடமாக ஓடும் கம்பெனி மென்பொருளில் தினமும் வேலை பார்ப்பவர், எதை எந்த வரிசையில் செய்கிறார் என்று கவனித்து அதற்கேற்பத் திரைகளைத் திரும்ப அமைப்பதுதான் இது.

பழைய திரைகள் பெரும்பாலும், தரவு உள்ளே எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறதோ அப்படியே காட்டும். மளிகையை அகர வரிசையில் அடுக்கிய சமையலறை மாதிரி: எல்லாம் இருக்கும், தாளிக்கும்போது கடுகு கைக்கு எட்டாது.

விளைவு சில சமயம் பெரிது. 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கி, ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் சார்பில், அதற்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டியை மட்டும் அனுப்ப நினைத்தது. அசல் வெளியே போகாமல் வங்கியின் உள்கணக்கில் நிற்க, திரையில் மூன்று கட்டங்களைத் தேர்வு செய்ய வேண்டும். ஒன்றைத்தான் செய்தார்கள். மூன்று பேர் பார்த்து ஒப்புதல் தந்தும் சுமார் 90 கோடி டாலர் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பணம் வங்கியை விட்டுப் போகிறது என்ற எச்சரிக்கை வந்தது. எவ்வளவு என்பதுதான் அதில் இல்லை!

பயனர் கேட்கும் வசதியையெல்லாம் சேர்ப்பதுதான் இந்த வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், யாரும் தொடாத கட்டங்களைத் திரையிலிருந்து எடுப்பதற்கே நிறைய நேரம் போகும்.