பிரச்சினைகளைத் தீர்க்கப் புதிதாக யோசிக்கும் திறனை வளர்த்துக்கொள்ள முடியுமா, அது பிறவியிலேயே வர வேண்டுமா?

முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் "வித்தியாசமா யோசிப்பா" என்று மேலதிகாரி சொன்னதைக் கேட்டு யாருக்கும் அது வந்து நான் பார்த்ததில்லை.

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் பட்டறையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். டிப்ளமோ படிப்பு. பொறி தட்டுவது, மின்னல் வெட்டுவது எல்லாம் எனக்கு நடந்ததே இல்லை. உருப்படியான யோசனை வந்த ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் நான் செய்தது ஒன்றே ஒன்று: கேள்வியை மாற்றிக் கேட்டது. அது பழகினால் வரும்.

உங்கள் வீட்டுக் கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவியைத்தான் சுற்றுவோம். சரி, இதை மோட்டார் வைத்து ஓட்ட வேண்டும் என்றால் முதலில் என்ன தோன்றும்? குழவியைச் சுற்ற ஒரு மோட்டார். அதை மேலே தொங்கவிட்டால் மாவைத் தள்ளிவிடக் கை எங்கே போகும்? கிரைண்டரில் குழவி இருந்த இடத்தில் இருக்கிறது, கீழே இருக்கிற கல் சுற்றுகிறது. 1955இல் எங்கள் ஊரில் சபாபதி என்பவர் கிரைண்டர் செய்ய ஆரம்பித்தார் என்பார்கள். எது நிற்க வேண்டும், எது சுற்ற வேண்டும் என்பதைத் திருப்பிப் போட்ட ஒரு பொருள் தினமும் காலையில் சமையலறையில் ஓடுகிறது. மோட்டார் வேலை பார்க்கிற எனக்கே பத்து வருஷம் கழித்துத்தான் அது உறைத்தது.

கிரைண்டர் என்றதும் அக்கா கதைக்கு வருகிறேன். பெரியம்மா மகள், சிங்காநல்லூரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். தினமும் நாற்பது பாக்கெட், வாயில் ரப்பர் பேண்ட் போட்டது. போன சித்திரையில் போன் செய்தாள். "தம்பி, இந்த வெயில்ல மாவு நிக்க மாட்டேங்குது. காலைல ஆறு மணிக்கு அரைச்சா நாலு மணிக்குக் கவர் பலூனாட்ட உப்பிக்குது. நேத்து ஆறு பாக்கெட் திரும்பி வந்துருச்சு. பழைய பிரிட்ஜ் ஒண்ணு பார்த்துக் குடு." ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைத்திருக்கிறாள். ஈரச் சாக்குக்கு அடியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். உளுந்தைக்கூடக் குறைத்திருக்கிறாள், அதனால் இட்லி கல்லாகி வேறு பேச்சு வாங்கியிருக்கிறாள்.

நானும் பிரிட்ஜ் தேடித்தான் கிளம்பினேன். பதினான்காயிரம் சொன்னார்கள். அக்காவின் ஒரு மாத லாபத்தைவிட அதிகம். அதனால்தான், யோசனை பிறந்ததால் அல்ல, காசு இல்லாததால்தான், தாளை எடுத்தேன். பிரச்சினையை ஒரே வரியில் எழுதுவேன், ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் கோடு போட்டு "இதை யார் சொன்னது?" என்று கேட்பேன். பட்டறையில் பழகியது.

"மாவு சாயங்காலத்துக்குள் புளிக்கக் கூடாது."

கூடாது என்று யார் சொன்னது? திருப்பிக் கொடுத்தவர்கள் ஆறு பேர். மற்ற முப்பத்து நான்கு பேர் ஏன் கொடுக்கவில்லை? அக்காவிடம் பதில் இல்லை. இரண்டு நாள் சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வாங்க வந்தவர்களிடம் "எப்பங்க ஊத்தப் போறீங்க?" என்று மட்டும் கேட்டேன். பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேர் அன்று ராத்திரியே தோசை ஊற்றுகிறவர்கள். அவர்களுக்குப் புளித்த மாவுதான் வேண்டும். மீதிப் பேருக்கு மறுநாள் காலை இட்லி. ஏற்கெனவே பொங்கின மாவு அவர்களுக்குத்தான் விஷம்.

அப்புறம் என்ன, காலையில் பாதி, மூன்று மணிக்கு மேல் பாதி என்று அரைத்தாள். காலை மாவுக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட், மதிய மாவுக்குப் பச்சை. அதே கிரைண்டர், அதே அரிசி. பிரிட்ஜ் வாங்கவில்லை.

இது நடந்து சில மாதம் கழித்துத்தான் ஆல்ட்ஷுல்லர் என்ற சோவியத் பொறியாளரைப் பற்றிப் படித்தேன். கடற்படையில் காப்புரிமை தொடர்பான வேலையில் இருந்தவர், ஸ்டாலின் காலத்தில் சிறை முகாமுக்கும் போய் வந்தவர். ஆயிரக்கணக்கான காப்புரிமைகளைப் புரட்டிப் பார்த்து அவர் கண்டது: கஷ்டமான பிரச்சினைக்குள் ஒரு முரண் இருக்கும். ஒரே பொருள் இப்படியும் இருக்க வேண்டும், அப்படியும் இருக்க வேண்டும். நாம் நடுவில் ஒரு சமரசம் பண்ணுவோம் (அக்கா உளுந்தைக் குறைத்த மாதிரி). நல்ல கண்டுபிடிப்பு சமரசம் பண்ணாது. இரண்டையும் இடத்தால் அல்லது நேரத்தால் பிரித்துவிடும். மாவு புளிக்கவும் வேண்டும், புளிக்கவும் கூடாது, நேரத்தால் பிரி. படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அவர் தொகுத்த 40 உத்திகளில் ஒன்று, அசைவதை நிறுத்து, நிற்பதை அசை என்பது. நம் கிரைண்டரேதான். ஆனால் அந்த நாற்பதையும் மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். அதை வைத்துப் பரீட்சைதான் எழுதலாம்.

ஏன் இதெல்லாம் நமக்குச் சட்டென்று தோன்றுவதில்லை என்பதற்கு டுங்கர் என்ற ஜெர்மன் உளவியலாளர் செய்த சோதனை ஒன்று உண்டு. 1945இல் ஆங்கிலத்தில் வந்தது. மெழுகுவத்தியைக் கதவில் நிற்க வைக்க வேண்டும். மேஜைமேல் டிராயிங் பின், தீக்குச்சி, சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள். பெட்டியைக் கதவில் குத்தி அதன்மேல் வத்தியை வைக்க வேண்டியதுதான். பெட்டிகளைக் காலியாகக் கொடுத்தால் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே பெட்டிக்குள் பின்னைப் போட்டுக் கொடுத்தால் பலர் திணறினார்கள். பின் வைக்கிற பெட்டி என்று ஆகிவிட்டால் கண்ணுக்கு அது வேறு எதுவாகவும் தெரிவதில்லை. இதனால் பட்டறையில் சிக்கல் வந்தால் பொருளின் பெயரைச் சொல்லாமல் விவரிக்கச் சொல்வேன். பேரிங் என்று சொல்லாதே, "வழுவழுப்பான இரும்பு வளையம்" என்று சொல். பையன்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

இன்னொன்று, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசினால் யோசனை கொட்டும் என்று நம்பாதீர்கள். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நான்கு பேர் கூடி யோசித்ததைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்ததைச் சேர்த்துப் பார்த்தபோது யோசனைகள் அதிகம். எங்கள் பட்டறையில் ஆளுக்கொரு தாள், பத்து நிமிஷம், அதற்கப்புறம்தான் டீ. பேசத் தயங்குகிற ஹெல்பர் பையன் தாளில் எழுதியது பலமுறை வேலைக்கு ஆகியிருக்கிறது. மூளைக்கு வேலை கொடுக்கும் செல்போன் விளையாட்டுகள் பற்றிக் கேட்காதீர்கள். அதை ஆடினால் அந்த விளையாட்டு நன்றாக வரும்.

மார்கழியில் அக்கா மறுபடி போன் செய்தாள். குளிருக்குக் காலை மாவு ராத்திரிக்குள் பொங்கவே இல்லை. சரி, தாளை எடுப்போம் என்று நான் பேனா தேடுவதற்குள், "அட, அதுக்கில்ல தம்பி" என்றாள். "இப்பெல்லாம் முந்தின நாள் ராத்திரி அரைச்சு வெச்சுத்தான் சிவப்பு ரப்பர் போடறேன். உங்கிட்டக் கேட்டது, ரப்பர் பேண்ட் மொத்தமா எங்க சல்லிசாக் கிடைக்கும்?"