முதல் உலகப்போரில் கப்பல்களுக்குக் கோணல்மாணலான வரிகளைத் தீட்டியது ஏன்?

டாஸில் வண்ணப்பூச்சு என்பது, கப்பலின் உடல் முழுவதும் கறுப்பு, வெள்ளை, நீலப் பட்டைகளைத் தாறுமாறாகத் தீட்டி, எதிரியின் கணிப்பைப் பிழைக்கச் செய்யும் ஓவியக் கேடயம். 1917இல் இதை முன்வைத்தவர் பிரிட்டனின் கடற்காட்சி ஓவியர் நார்மன் வில்கின்சன். ஓடும் பிள்ளையின் மீது பந்தெறிபவன், அவன் போய்ச் சேரப்போகும் இடத்தைத்தானே குறிவைப்பான்? எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலும் அப்படித்தான், இலக்கான கப்பலின் வேகத்தையும் திசையையும் பெரிஸ்கோப்பில் (நீருக்கடியிலிருந்து மேலே பார்க்க உதவும் குழாய்) சிறிது நேரம் பார்த்துக் கணித்தே டார்பிடோ என்னும் நீரடிக் குண்டை ஏவியது. முகப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையே வரிகள் குழப்பிவிட்டால் அந்தக் கணக்கு தவறும். லண்டன் ராயல் அகாடமியில், சிறு மர மாதிரிகளுக்கு வண்ணம் பூசி, சுழல்மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பி, பெரிஸ்கோப் வழியாகவே பார்த்துச் சோதித்தார்கள். பார்ப்பவரின் கண்ணில்தான் இந்த ஓவியம் முழுமை பெறுகிறது என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. இப்பூச்சு கப்பலை மறைத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். கப்பல் பளிச்சென்று தெரியத்தான் செய்யும், எங்கே போகிறது என்பதுதான் எளிதில் பிடிபடாது.